கோல் இந்தியாவின் கணக்கைப் படிப்பது எப்படி? மண்ணிலிருந்து தொடங்குங்கள்

ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று மத்திய அரசின் நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியா பங்குச் சந்தைகளுக்குச் சின்னதாக ஒரு தாள் அனுப்புகிறது. போன மாதம் எவ்வளவு நிலக்கரி வெட்டினோம், எவ்வளவு வெளியே அனுப்பினோம் என்று துணை நிறுவனம் வாரியாக எழுதியிருக்கும். மறுநாள் செய்தியில் அதிலிருந்து ஒரே ஒரு வரிதான் வரும்: உற்பத்தி இத்தனை சதவீதம் கூடியது, அல்லது குறைந்தது. என் அக்கா மகன் அந்த வரியைப் படித்துவிட்டு, "மாமா, இந்த மாசம் குறைஞ்சிடுச்சே, வித்துடலாமா?" என்று போன் செய்வான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். பங்கை வாங்கு, விற்காதே என்று நான் சொல்லப்போவதில்லை. இவ்வளவு பெரிய சுரங்க நிறுவனம் எப்படி ஓடுகிறது, எதனால் வளர்கிறது, எங்கே முட்டி நிற்கிறது என்பதை அதன் சொந்தக் கணக்கிலிருந்தே எப்படிப் படிப்பது என்பதுதான் விஷயம்.

நான் மத்திய இந்தியாவில் திறந்தவெளிச் சுரங்கங்களில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். மாதக் கடைசியில் குழிக்குள் இறங்கி, எவ்வளவு மண் போயிருக்கிறது, எவ்வளவு கரி போயிருக்கிறது என்று அளந்து கையெழுத்துப் போடுவது என் வேலை. அந்த வேலை கற்றுக்கொடுத்தது ஒன்றுதான்: நிலக்கரி கடைசியாக வருவது. அதற்கு முன்னால் நிலம் வர வேண்டும், மேல்மண் போக வேண்டும். வெட்டிய பிறகு ரயில் வர வேண்டும். செய்தியில் வரும் உற்பத்தி எண் இவை எல்லாவற்றுக்கும் பின்னால் வருவது. ஆகவே படிக்கும்போது அதைக் கடைசியில் வையுங்கள்.

முதலில் வரைபடத்தை மனதில் வையுங்கள்

கோல் இந்தியா 1975 நவம்பரில் உருவானது. அதற்கு முன் 1971-73 காலத்தில் தனியார் சுரங்கங்கள் தேசியமயமாயின. இன்று அதன் கீழ் நிலக்கரி வெட்டும் துணை நிறுவனங்கள் ஏழு: ஈஸ்டர்ன், பாரத் கோக்கிங், சென்ட்ரல், வெஸ்டர்ன், சவுத் ஈஸ்டர்ன், நார்தர்ன், மகாநதி. திட்டம் போட்டு வரைபடம் தயாரிக்கும் சிஎம்பிடிஐ ராஞ்சியில் தனியாக இருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் பலர் சிங்கரேணியையும் நெய்வேலியையும் இதில் சேர்த்துவிடுகிறார்கள். இரண்டுமே வேறு நிறுவனங்கள்.

ஏழும் ஒரே அளவு என்று நினைக்க வேண்டாம். 2023-24-ல் மொத்தம் 77.4 கோடி டன் வெட்டினார்கள். அதில் ஒடிசாவின் மகாநதி மட்டும் 20.6 கோடி டன். சத்தீஸ்கரை மையமாகக் கொண்ட சவுத் ஈஸ்டர்ன் 18.7 கோடி, மத்தியப் பிரதேசத்தின் சிங்ரௌலியில் உள்ள நார்தர்ன் 13.6 கோடி. மூன்றும் சேர்ந்தால் மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். வங்காளம், ஜார்க்கண்ட் பகுதியில் இருக்கும் பழைய நிறுவனங்கள் இரண்டும் (ஈஸ்டர்ன், பாரத் கோக்கிங்) தலா 4 கோடிச் சொச்சம்தான். ஆனால் இரும்பு உருக்கத் தேவைப்படும் கோக்கிங் கரி பெரும்பாலும் ஜார்க்கண்டின் ஜாரியாவில், பாரத் கோக்கிங்கிடம் இருக்கிறது. அங்கே ஒரு டன்னின் மதிப்பே வேறு.

ஆகவே மாதத் தாள் கையில் வந்ததும் மொத்தத்தைப் பார்க்காமல் மகாநதி, சவுத் ஈஸ்டர்ன், நார்தர்ன் என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். மொத்தம் குறைந்திருந்தால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் ஏதோ தடைபட்டிருக்கும்: ஒடிசாவின் தால்சேரில் போராட்டம், சத்தீஸ்கரின் கோர்பாவில் நிலம் கிடைக்காதது, இப்படி ஏதாவது. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு மகாநதி வரி இன்னும் முக்கியம். தால்சேர் கரி ரயிலில் பாரதீப் துறைமுகம் போய், அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வருகிறது. அந்த வரி ஆகஸ்டில் படுத்தால் இங்கே அனல்மின் நிலைய முற்றத்தில் குவியல் இறங்கத் தொடங்கும்.

இன்னொன்று, எந்த மாதத்தையும் அதற்கு முந்தைய மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். போன ஆண்டின் அதே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் நிற்கும், குழிக்குள் போகும் வண்டிப்பாதை சேறாகும், மண்ணும் கரியும் சுமக்கும் டம்பர் லாரி வழுக்கும். ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டில் ஆண்டு உற்பத்தியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வந்துவிடும். ஜூலை முதல் செப்டம்பர் வரை ஐந்தில் ஒரு பங்குதான். மார்ச்சில் எகிறி ஏப்ரலில் விழுவது ஆண்டுதோறும் நடப்பது, அதில் செய்தி எதுவும் இல்லை.

மண் கணக்கு

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். கோல் இந்தியாவின் கரியில் 95 சதவீதத்துக்கு மேல் திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. திறந்தவெளி என்றால் கரிப் படுகைக்கு மேலே இருக்கும் மண்ணையும் பாறையையும் முழுக்க அள்ளிப் போட்டுவிட்டுத்தான் கரியைத் தொட முடியும். அந்த மேல்மண்ணைச் சுரங்கத்தில் எல்லோரும் ஓபி என்பார்கள். ஒரு டன் கரி எடுக்க எத்தனை கன மீட்டர் ஓபி அகற்ற வேண்டும் என்பதுதான் ஸ்ட்ரிப்பிங் விகிதம்.

இது இடத்துக்கு இடம் மாறும். மகாநதியில் படுகை தடிமனாக, மேலாக இருப்பதால் டன்னுக்கு ஒரு கன மீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். சிங்ரௌலியில் மூன்றுக்கு மேல். நாக்பூரில் தலைமையகம் வைத்திருக்கும் வெஸ்டர்னில் ஐந்தை ஒட்டி. மொத்த நிறுவனத்துக்கும் சேர்த்தால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே வரும். ஒரு டன் மகாநதி கரியும் ஒரு டன் வெஸ்டர்ன் கரியும் உற்பத்திப் பட்டியலில் ஒரே மாதிரிதான் எண்ணப்படுகின்றன. அவற்றின் பின்னால் இருக்கும் டீசலும் டயரும் ஆள் உழைப்பும் ஒன்றல்ல.

சரி, இதை எப்படிப் பயன்படுத்துவது? காலாண்டு முடிவுகளிலும் ஆண்டறிக்கையிலும் ஓபி அகற்றிய அளவு மில்லியன் கன மீட்டரில் இருக்கும். அதை அதே காலத்தின் உற்பத்தியால் வகுத்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு எழுதினாலே போதும், கதை தெரியும். உற்பத்தி ஏறுகிறது, ஆனால் விகிதம் இறங்குகிறது என்றால் ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் கரியை எடுக்கிறார்கள், அடுத்த ஆண்டுக்கான முகப்பைத் திறக்கவில்லை. விதைநெல்லைப் பொங்கித் தின்பது மாதிரி. அந்த ஆண்டு லாபமும் அழகாக இருக்கும். அதற்கான விலை அடுத்த மழைக்காலத்தில் தெரியும். மாறாக, உற்பத்தி மந்தமாக இருந்தும் ஓபி நன்றாக ஏறியிருந்தால், அந்தச் சுரங்கம் தயாராகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். செய்தித்தாள் அந்த மாதத்தைத் திட்டியிருக்கும். நான் அந்த மாதத்தைப் பார்த்து நிம்மதி அடைவேன்.

ஒரு எச்சரிக்கை. விகிதம் இறங்குவது எப்போதும் கெட்டது அல்ல. விகிதம் குறைந்த மகாநதி வேகமாக வளர்ந்தால் மொத்த விகிதம் தானாகவே இறங்கும். அதனால் துணை நிறுவனம் வாரியாக வகுத்துப் பாருங்கள்.

இந்த எண் எவ்வளவு நம்பகமானது என்று கேட்பார்கள். அன்றாடக் கணக்கு டம்பர் நடைகளை எண்ணி எழுதுவது: ஒரு நடைக்கு இத்தனை கன மீட்டர் என்று ஒரு சராசரி வைத்துப் பெருக்குவார்கள். டம்பர் நிரம்பாமல் போனாலும் நடை நடைதான். அதனால்தான் சர்வே பிரிவு குழியையே அளக்கிறது. எங்கள் காலத்தில் தியோடலைட்டும் லெவலும், பிறகு டோட்டல் ஸ்டேஷன், இப்போது லேசர் ஸ்கேனரும் ட்ரோனும். போன மாத வடிவத்துக்கும் இந்த மாத வடிவத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் உண்மையில் போன மண். ஒப்பந்தக்காரருக்குப் பணம் அந்த அளவுப்படிதான். அதனால் மாதக் கடைசி இரவுகளில் சர்வே அறையில் கூட்டம் அதிகம், குரல்களும் உயரம். சர்வேயர் அசையாமல் நின்றால் கணக்கு நிற்கும்.

ட்ராக்லைன், அதாவது நீண்ட கையில் பெரிய வாளி தொங்கும் மண் அள்ளும் இயந்திரம், ஓடும் இடங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. சிங்ரௌலியின் ஜெயந்த், துதிச்சுவா சுரங்கங்களில் 24 கன மீட்டர் வாளியோடு நிற்கும் ட்ராக்லைன்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது மண்ணை லாரியில் ஏற்றாது. பக்கத்தில் கரி எடுத்து முடிந்த பள்ளத்தில் வீசும். வீசிய மண்ணில் ஒரு பகுதியை மறுபடியும் அள்ள நேரும். அந்த இரண்டாம் அள்ளலுக்கும் செலவு உண்டு, ஆனால் ஓபி கணக்கில் அது சேராது.

ஆண்டறிக்கையில் "ஸ்ட்ரிப்பிங் ஆக்டிவிட்டி" என்ற தலைப்பைத் தேடுங்கள். இன்று அகற்றும் மண்ணால் நாளைக்குத்தான் கரி கிடைக்கும் என்பதால் அந்தச் செலவை எந்த ஆண்டில் எழுதுவது என்பதற்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள். அந்த விதி மாறிய ஆண்டில் லாபம் கூடியதும் குறைந்ததும் குழியில் நடந்ததைக் காட்டாது. குறிப்புகளைப் படிக்காமல் அந்த ஆண்டின் லாபத்தை முந்தைய ஆண்டோடு ஒப்பிடாதீர்கள்.

வெட்டியது வேறு, போனது வேறு

மாதத் தாளின் இரண்டாவது அட்டவணை ஆஃப்டேக், அதாவது வெளியே அனுப்பிய அளவு. உற்பத்தியிலிருந்து அதைக் கழித்தால் குழிவாயில் குவியல் எவ்வளவு ஏறியது, இறங்கியது என்று தெரிந்துவிடும். இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும்.

2021 மார்ச் இறுதியில் குழிவாயில் கிட்டத்தட்ட 10 கோடி டன் கிடந்தது. கொரோனாவால் யாரும் வாங்கவில்லை. அடுத்த ஆண்டு தேவை திடீரென்று எழுந்தது. 62.3 கோடி டன் வெட்டி, சுமார் 66 கோடி டன் அனுப்பினார்கள். அப்படியும் 2021 அக்டோபரில் நாட்டின் அனல்மின் நிலையங்களில் சராசரியாக நான்கு நாள் கரிதான் மிஞ்சியது. குழிவாயில் குவியல் இருக்க, கொதிகலன் வாயில் பஞ்சம். இடையில் இருந்தது மழையும் ரயிலும்.

2024-25-ல் இதற்கு நேர்மாறு. 78.1 கோடி டன் வெட்டினார்கள், போனது 76 கோடிச் சொச்சம். குவியல் மறுபடியும் 10 கோடியைத் தாண்டியது. அந்த ஆண்டுக்கு வைத்த இலக்கு 83.8 கோடி. தவறியதற்கு வெட்ட முடியாமை மட்டும் காரணம் அல்ல. மின் நிறுவனங்களும் தனியாரும் தங்கள் சொந்த, வணிகச் சுரங்கங்களிலிருந்து சுமார் 19 கோடி டன் எடுத்தார்கள். நாட்டின் மொத்த உற்பத்தி முதல் முறையாக 100 கோடி டன்னைத் தாண்டிய ஆண்டு அது. வாங்குபவனுக்கு இப்போது வேறு கடையும் இருக்கிறது. இந்த நிறுவனத்தின் வளர்ச்சியைப் பற்றிப் பேசும் எவரும் இதை ஒதுக்க முடியாது. கோல் இந்தியா தனியாகவே 100 கோடி டன் எட்டும் என்ற இலக்கு முதலில் 2019-20-க்கு வைக்கப்பட்டது. அப்புறம் பலமுறை தள்ளிப்போனது. இலக்கை ஓரமாக வைத்துவிட்டு ஆஃப்டேக்கைப் பின்தொடருங்கள்.

ரயில் பக்கம் பார்க்க வேண்டியது ரேக். ஒரு ரேக் என்றால் ஒரு முழுச் சரக்கு ரயில், சுமார் 4,000 டன். ஒரு கோடி டன் கூடுதலாக அனுப்ப ஆண்டுக்கு 2,500 ரேக் கூடுதலாக வேண்டும். பேலோடர் இயந்திரம் வைத்து அள்ளி நிரப்பும் சைடிங்கில் (சரக்கு ஏற்றும் கிளைப்பாதையில்) ஒரு ரேக் மணிக்கணக்கில் நிற்கும், மேலிருந்து கரி கொட்டும் உயரமான தொட்டியான சைலோவுக்கு அடியில் ஒரு மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும். அதனால்தான் சுரங்கத்திலிருந்து கன்வேயர் வழியாக நேரே சைலோவுக்குக் கரி கொண்டுவரும் வேலைகளுக்குப் பணம் கொட்டுகிறார்கள். ஜார்க்கண்டில் தோரி-சிவ்பூர் பாதை, ஒடிசாவில் ஜார்சுகுடா-சர்தேகா பாதை, சத்தீஸ்கரில் கர்சியா-தரம்ஜெய்கட் பாதை ஆகியவை முடிந்த வேகத்தில்தான் அந்தந்தப் பகுதியின் சுரங்கங்கள் வளர முடிந்தது. ஆண்டறிக்கையில் மூலதனச் செலவு பகுதியில் ரயில் பாதையும் சைலோவும் எவ்வளவு முடிந்தன என்று தேடிப் படியுங்கள். புது ஷவல் (வெட்டி அள்ளும் இயந்திரம்) வாங்கியதைவிட அது பெரிய செய்தி.

குவியலைப் பற்றி ஒரு வார்த்தை. கரியைக் குவித்து வைத்தால் தானாகச் சூடேறிப் புகையும், எரியும். மழையில் கரையும். மார்ச் கடைசியில் குவியலை அளந்து, கன அளவை அடர்த்தியால் பெருக்கி டன் கணக்கு எழுதுவோம். ஏட்டில் இருக்கும் அளவுக்கும் அளந்ததற்கும் வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் ஏட்டுக் கணக்கே நிற்கும், அதைத் தாண்டினால்தான் அளந்த கணக்கு எடுக்கப்படும். இது கணக்குக் கொள்கையிலேயே எழுதியிருக்கிறது. 10 கோடி டன்னில் 5 சதவீதம் எவ்வளவு என்று யோசித்துக்கொண்டே அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

விலை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெரும்பங்கு கரி மின் நிலையங்களுக்கு நீண்டகால ஒப்பந்தத்தில், அறிவித்த விலைக்குப் போகிறது. ஒரு சிறு பங்குதான் இணையவழி ஏலத்தில் போகிறது. உக்ரைன் போருக்குப் பிறகு 2022-23-ல் ஏல விலை ஒப்பந்த விலையைப் போல மூன்று மடங்கை ஒட்டிப் போனது, லாபமும் அதோடு எகிறியது. அப்புறம் ஏல விலை இறங்கியது. ஆகவே லாபம் கூடியது திறமையாலா, ஏலத்தாலா என்று பிரித்துப் பார்க்க, ஒப்பந்தத்தில் டன்னுக்கு என்ன கிடைத்தது, ஏலத்தில் என்ன கிடைத்தது என்ற இரண்டு எண்களையும் தனித்தனியே எழுதுங்கள். கரியின் தரம் ஜி1 முதல் ஜி17 வரை, வெப்ப மதிப்பை வைத்து. வெட்டும்போது கரியோடு கல் கலந்தால் ஒரு படி இறங்கும், பணமும் இறங்கும். மூன்றாம் தரப்பு மாதிரி எடுத்துச் சோதிப்பது அதற்காகத்தான்.

ஆட்களும் நிலமும்

தொடக்கத்தில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் சேர்ந்து ஆண்டுக்கு 8 கோடி டன்கூட எடுக்கவில்லை. இன்று நிரந்தர ஊழியர் இரண்டு லட்சத்துச் சொச்சம் பேர், உற்பத்தி அன்றைய அளவைப் போல பத்து மடங்கு. பூமிக்கு அடியில் கூடை சுமந்த வேலை போய், சத்தீஸ்கரின் கெவ்ரா சுரங்கத்தில் 42 கன மீட்டர் ஷவலும் 240 டன் டம்பரும் வந்துவிட்டன. மகிழ்ச்சிதான். ஆனால் அந்த எண்ணிக்கையில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இல்லை, மேல்மண்ணில் பெரும்பகுதியை அள்ளுவது அவர்கள்தான். செலவுப் பக்கத்தில் ஊழியர் செலவு, ஒப்பந்தச் செலவு என்று இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று இறங்கினால் மற்றொன்று ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். "ஒரு ஆளுக்கு இத்தனை டன்" என்ற பெருமையான எண்ணை, இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகு நம்புங்கள்.

நிலம்தான் எல்லாவற்றுக்கும் முதல். 1957-ஆம் ஆண்டின் நிலக்கரி நிலச் சட்டப்படி அரசாணை வந்ததும் நிலம் தாளில் நிறுவனத்துடையது. ஊர் காலியாவது வேறு விஷயம். இரண்டு ஏக்கருக்கு ஒரு வேலை என்பது கோல் இந்தியாவின் வழக்கமான கொள்கை. அதற்குக் குறைவாக வைத்திருப்பவர் பக்கத்து நிலக்காரரோடு சேர்ந்து இரண்டு ஏக்கர் காட்ட வேண்டும். நிலமே இல்லாமல் அந்த வயல்களில் கூலிக்குப் போனவருக்கு வேலை கிடையாது. நான் எல்லைக் கல் நட்ட ஊர் ஒன்றில் ஒரு பெரியம்மா, தன் கிணறு கல்லுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். கிணறு உள்ளே விழுந்திருந்தது. உற்பத்தி எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேள்வி வரும், வர வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

கெவ்ரா 2023-24-ல் மட்டும் 5.9 கோடி டன் தந்தது. அதை 7 கோடிக்கு உயர்த்த 2024 தொடக்கத்தில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. அனுமதி கிடைத்ததும் வளர்ச்சி வந்துவிட்டது என்று எழுதுகிறார்கள். அறிக்கையில் கையகப்படுத்திய நிலம், கையில் வந்த நிலம் என்று இரண்டு எண்கள் இருக்கும். அவற்றின் இடைவெளிதான் அடுத்த ஐந்து ஆண்டுகளின் உண்மையான வரம்பு. அந்த இடைவெளியைத் தாமதம் என்று மட்டும் படிக்காதீர்கள். அதற்குள் இன்னும் குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள். ஜாரியாவில் 1916-லிருந்து பூமிக்கடியில் தீ எரிகிறது. இடம் பெயர்க்கும் பெருந்திட்டம் 2009-ல் வந்தது. இன்னும் மக்கள் அதன் மேல்தான் வாழ்கிறார்கள்.

கடைசியாக விபத்துக் கணக்கு. 2016 டிசம்பர் 29 இரவு ஜார்க்கண்டின் ராஜ்மகால் சுரங்கத்தில் மண்மேடு சரிந்து 23 பேர் இறந்தார்கள். சரிவின் கோணமும் உயரமும் சர்வேயர் கண்முன் இருக்கும் விஷயங்கள், அதனால் அந்தச் செய்தி எங்கள் தொழிலில் எல்லோரையும் உலுக்கியது. அறிக்கைகளில் பத்து லட்சம் டன்னுக்கு இத்தனை மரணம் என்ற விகிதத்தை முன்னால் வைப்பார்கள். இயந்திரம் பெரிதாகி டன் கூடக் கூட அந்த விகிதம் தானாகக் குறையும். அதை விட்டுவிட்டு, மூன்று லட்சம் ஷிஃப்டுக்கு எத்தனை மரணம் என்ற விகிதத்தை எடுங்கள், அது ஆள் வேலையை வைத்துக் கணக்கிடுவது. அப்புறம் அதே ஆண்டறிக்கையோடு வரும் பொறுப்பு-நிலைத்தன்மை அறிக்கையில் ஊழியர், தொழிலாளர் என்று பிரித்துக் கொடுத்திருக்கும் மரண எண்ணிக்கையைப் பாருங்கள். இறந்தவர்களில் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் எத்தனை பேர் என்பதை உங்கள் நோட்டில், ஓபி விகிதத்துக்குப் பக்கத்திலேயே, ஆண்டு வாரியாக எழுதுங்கள்.